ஊர் திருத்தும் கதை: கியரோஸ்தமியின் கிராமப் பயணங்கள்

நகரத்திலிருந்து கேமராவுடன் கிராமத்துக்குள் நுழைபவர் தாம் கதை தேடி வந்திருப்பதாகவே சொல்கிறார். பெரும்பாலும் கதை முன்னரே அவர் பையில் இருக்கிறது; அதற்குப் பொருந்தும் முகங்களையும் சுவர்களையும் மட்டுமே அவர் அங்கே தேடுகிறார். இது சினிமாவின் தொடக்க காலத்திலிருந்தே வரும் பழக்கம். 1922இல் வெளிவந்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் ஆவணப்படத்தை உலகம் 'நானூக்' என்ற பெயரால் அறியும். அதில் நடித்த இன்யூட் வேட்டைக்காரரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், பழைய ஈட்டியுடன் வேட்டையாடுபவராகவே அவர் படமாக்கப்பட்டார். அவருடைய வாழ்வைக் காட்டிலும், அதைப் பற்றி வெளியார் கொண்டிருந்த கற்பனையே திரையில் நிலைத்தது.

இந்தப் பழக்கத்தைத் தம் படங்களுக்குள்ளேயே விசாரணைக்கு உட்படுத்தியவர் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி (1940-2016). தெஹ்ரானில் பிறந்த அவர், வடக்கு ஈரானின் கீலான் மாகாணத்திலுள்ள கோக்கர் என்னும் சிற்றூரில் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) படத்தை எடுத்தார். தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்து ஊருக்கு ஓடும் சிறுவனின் எளிய கதை அது. 1990 ஜூனில் அப்பகுதியைத் தாக்கிய நிலநடுக்கம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அப்படத்தில் நடித்த சிறுவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று தேடி ஓர் இயக்குநர் தம் மகனுடன் காரில் செல்வதே 'வாழ்வு தொடர்கிறது' (1992).

வழியில் அவர்கள் முந்தைய படத்தில் நடித்த முதியவரைச் சந்திக்கிறார்கள். அவர் நலம் விசாரிப்பதோடு நிற்கவில்லை, குறையும் சொல்கிறார். அந்தப் படத்தில் தமக்குக் கூன் வைத்து, இருந்ததைவிட வயோதிகராகக் காட்டினார்கள் என்கிறார். மனிதனை மேலும் முதுமையாகவும் விகாரமாகவும் காட்டுவது என்ன கலை என்பது அவருடைய கேள்வி. சற்று நேரத்தில், இப்போது தாம் நுழையும் வீடும் படத்துக்காகக் கொடுக்கப்பட்டதே, தம் சொந்த வீடு இடிந்துவிட்டது என்பதையும் வெளிப்படுத்திவிடுகிறார். நாம் பார்த்த முதல் படத்தின் மீதான விமர்சனம், அதன் பாத்திரம் ஒருவரின் வாயிலிருந்தே வருகிறது.

'ஒலிவ மரங்களினூடே' (1994) இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. ஒரு படக்குழு அதே ஊரில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் படமாக்குகிறது. கொத்து வேலை செய்யும் ஹுசைன், நிலநடுக்கத்தில் தன் உறவினர் அறுபத்தைந்து பேர் இறந்ததாகச் சொல்ல வேண்டும். அவனோ இருபத்தைந்து என்கிறான். இயக்குநர் திருத்துகிறார். உண்மையில் தான் இழந்தது இருபத்தைந்து பேரைத்தான் என்கிறான் அவன். கணவனை மரியாதைச் சொல் சேர்த்து அழைக்க வேண்டும் என்ற வசனத்தைத் தாஹிரா சொல்ல மறுக்கிறாள். இக்காலப் பெண்கள் கணவனை அப்படி அழைப்பதில்லை என்று ஹுசைன் விளக்குகிறான். குழு கேட்ட பழைய நாட்டுப்புற உடையை அணியவும் அவளுக்கு மனமில்லை. நகரத்தார் 'அசல் கிராமம்' என்று கருதியதைக் கிராமமே நிராகரிக்கும் இடம் இது.

இந்த விசாரணை மிகக் கடுமையாவது 'காற்று நம்மைச் சுமந்து செல்லும்' (1999) படத்தில். குர்திஸ்தானின் ஒரு மலைக்கிராமத்தில் மூதாட்டி ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கிறார். அவர் இறந்ததும் நடைபெறும் துக்கச் சடங்கைப் படமெடுக்க ஒரு குழு வந்து காத்திருக்கிறது. குழுத் தலைவர் பெஹ்ஸாத், யாரேனும் கேட்டால் புதையல் தேடி வந்திருப்பதாகச் சொல்லும்படி தமக்கு வழிகாட்டும் சிறுவனுக்குக் கற்பிக்கிறார். மூதாட்டியின் உடல்நலத்தை அவர் அடிக்கடி விசாரிக்கும்போது கேள்வி அன்பின் வடிவில் இருக்கிறது; உள்ளே இருப்பதோ ஒரு மரணத்துக்கான அவசரம். சடங்கில் பெண்கள் முகத்தைக் கீறிக்கொள்ளும் வழக்கம் காண்பவருக்கு அரிய காட்சி. ஆனால் ஊர் ஆசிரியர், தம் தாயின் முகத்திலுள்ள தழும்புகளில் ஒன்று, தந்தையின் முதலாளி வீட்டுத் துக்கத்தில், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள உண்டானது என்கிறார். படமெடுப்பவர் மரபைப் பார்க்கும் இடத்தில் மகன் வறுமையைப் பார்க்கிறான்.

இவை குறித்து நமக்கு ஓர் ஐயமும் உண்டு. இந்த மறுப்புகளை எழுதியதும் தொகுத்ததும் கியரோஸ்தமிதானே? ஹுசைனைத் திருத்தும் இயக்குநரும் ஒரு நடிகர்தானே? தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் கலைஞனே நீதிபதியாகவும் இருந்தால், தீர்ப்பு எளிதாகிவிடும். அந்த அளவில் இப்படங்களில் ஊரின் குரல் கடன் வாங்கப்பட்ட குரலே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறுக்க முடியாது. ஒரு செய்தியை எடைபோடும்போது, அதை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று விசாரிப்பது நம் கல்வி மரபு. பெரும்பாலான படங்கள் கேட்டவரை மறைத்துவிட்டுச் சொன்னவரை மட்டுமே காட்டுகின்றன. கியரோஸ்தமி கேட்டவரையும், அவர் கேட்ட விதத்தையும், அவர் சொன்ன பொய்யையும் காட்டுகிறார். குழு எதற்காகக் காத்திருந்ததோ, அந்தச் சடங்கையோ நமக்குக் காட்டாமலே படத்தை முடிக்கிறார். அந்த மூதாட்டியின் முகத்தையும் நாம் காண்பதில்லை. கலைஞன் எடுக்காமல் விட்டுவந்ததும் அவனுடைய நேர்மைக்குச் சான்றாகும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. ஊர்களின் முதியவர்களிடம் கதையும் பாட்டும் பதிவு செய்யச் செல்லும் நம் இளைஞர்கள் பாராட்டுக்குரியவர்கள். பதிவு செய்ததை, சொன்னவரிடமே திரும்பக் காட்டி, "இருபத்தைந்தா, அறுபத்தைந்தா?" என்று கேட்கும் பொறுமையும் அவர்களுக்கு வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.