கல்லுக்கு என்ன வயசு?

பழைய எலெக்ட்ரிக் கிடாரின் வயதைக் கணிக்கத் தெரிந்தவர்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரோடுதான் வருவார்கள். மேல்தகட்டைக் கழற்றினால் வால்யூம் கன்ட்ரோலின் உலோக மூடியில் ஓர் எண் இருக்கும். 1376612 என்றால், 137 அதைச் செய்த கம்பெனி, 66 வருஷம், 12 வாரம். ஆனால் அது அந்தச் சின்னப் பாகம் பிறந்த வாரம். 1966 முத்திரை குத்திய பாகங்கள் ஃபெண்டர் கம்பெனியின் அடுத்த சில ஆண்டுக் கிடார்களுக்குள்ளும் கிடக்கின்றன. ஆக, 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்று மட்டும்தான் அந்த எண் சாட்சி சொல்லும்.

மாமல்லபுரம் போகும்போது இந்தச் சந்தேக புத்தியைக் கூடவே கொண்டுபோங்கள். அங்கே கணக்கு தலைகீழ். சுவர் முதலில், எழுத்து பிறகு என்பதால், கல்வெட்டு 'இதற்குப் பின்னால் குடைந்திருக்க முடியாது' என்றுதான் சொல்லும்.

எடுத்தவுடன் கடற்கரைக்கு ஓட வேண்டாம். செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். கந்தசேனன் என்ற சிற்றரசன் குடைவித்தது; அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களைச் சொல்வதால் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம். தூணைப் பாருங்கள்: கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மறுபடி சதுரம். தடித்த தூண், பூவேலை ஏதுமில்லை.

அதை மனதில் வைத்துக்கொண்டு மாமல்லபுரத்து வராக மண்டபத்தின் முன் நில்லுங்கள். தூண் இளைத்திருக்கும், அடியில் சிங்கம் குந்தியிருக்கும். மாமல்லன் என்ற நரசிம்மவர்மன் (630–668) காலத்துப் பாணி என்பார்கள். கடற்கரைக் கோயிலுக்குப் போனால் அதே சிங்கம் எழுந்து நின்றுவிடும். அது பின்னால் வந்த பல்லவ அரசன் ராஜசிம்மன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்.

வம்பெல்லாம் தர்மராஜ ரதத்தில். ஸ்ரீ நரசிம்மன் என்ற பெயரும் அதிலே இருக்கிறது, அத்யந்தகாமன் என்ற பட்டமும் இருக்கிறது. மேல்தளத்திலோ கோயிலுக்கே 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்' என்று பெயர். மாமல்லபுரத்தில் உள்ளவை எல்லாமே ராஜசிம்மன் செய்வித்தவை என்று 1962-இல் இரா. நாகசாமி எழுதினார், எல்லோரும் ஒப்பவில்லை. எனக்கும் முழுதாக மனம் வரவில்லை. உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கி, அடித்தளம் முடியாமலே நின்றுபோன ரதம் அது. ஒரே ராஜா கணக்கில் எழுதிவிடத் தயக்கமாக இருக்கிறது.

வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகை முன்னால் படமெடுக்கும் கூட்டத்தைக் கடந்து அதிரணசண்ட மண்டபத்துக்குப் போங்கள். சுவர்ப் பக்கம் திரும்பாமல் தூணை மட்டும் பார்த்து வயது சொல்லுங்கள், பார்க்கலாம். எளிய எட்டுப்பட்டைத் தூண், வல்லத்துச் சாயல். 'மகேந்திரன்' என்றுதான் வாயில் வரும். இனி பக்கச் சுவர்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒன்றில் பல்லவ கிரந்தம், எதிரில் நாகரி, இரண்டிலும் அதிரணசண்டன் பெயர். அது ராஜசிம்மனின் பட்டம் என்பது பரவலான கருத்து. கிடார்க் கம்பெனிகள் தாத்தா காலத்து மாடலை மறுபடி செய்து விற்கின்றனவே, அப்படி நூறு வருஷம் கழித்துப் பழைய தூண் திரும்பி வந்திருக்கலாம். இல்லையென்றால், முன்னமே இருந்த குகையில் பின்னால் வந்தவர் பெயர் எழுதிக்கொண்டார்.