மரபணு அறிக்கையில் நோயின் கடுமை

சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரோடு விட்டுவிடும் பரம்பரை நோய்களில் முக்கியமானவை, 1962இல் பார்ட்டரும் 1966இல் கிட்டெல்மேனும் விவரித்தவை. மரபணுச் சோதனை இன்று எந்த மரபணு பழுது என்று சொல்லிவிடுகிறது. அறிக்கையில் ‘கடுமையான பிறழ்வு’ என்றிருந்தால் நோயும் கடுமை, ‘மிதமானது’ என்றால் பயமில்லை என்று படிப்பது எளிது. அப்படிப் படிப்பதில் உண்மை உண்டு. ஆனால் அது நோயாளியின் வேதனைவரை எட்டுவதில்லை.

எந்த மரபணு என்ற கேள்விக்குச் சோதனையைவிட நல்ல பதில் கிடையாது. பிஎஸ்என்டி என்ற மரபணு பழுதானால் பிறவியிலேயே காது கேட்காது. அதன் புரதம் சிறுநீரகத்திலும் உட்செவியிலும் வேலை செய்கிறது. கேசிஎன்ஜே1 பழுதான குழந்தைக்கு முதல் நாள்களில் பொட்டாசியம் ஏறி, பிறகுதான் இறங்கும். இது தெரியாத மருத்துவர் வேறு நோய் என்று எண்ணக்கூடும். சிஎல்சிஎன்கேபி புரதம் அறவே இல்லாதவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே கண்டறியப்படுகிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே பிறழ்வின் கடுமைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று வாதிட முடியாது.

அந்தத் தொடர்பு குழுவின் சராசரியில் தெரிவது. தனியாளுக்கு வரும்போது நழுவிவிடுகிறது. தைவானில் கிட்டெல்மேன் நோய் கொண்ட குடும்பங்களை ஆராய்ந்து 2004இல் எழுதியவர்கள், ஒரே பிறழ்வைச் சுமந்த உடன்பிறந்தோரில் ஆண்கள் கைகால் செயலிழந்து வந்ததையும், பெண்கள் அறிகுறியே இல்லாமல் இருந்ததையும் கண்டார்கள். பழுதான புரதத்தின் வேலையைச் சிறுநீரகக் குழாயின் அடுத்த பகுதிகள் எவ்வளவு ஈடுகட்டுகின்றன, ஹார்மோன்கள் எப்படி இயங்குகின்றன, சாப்பாட்டில் எவ்வளவு உப்பு என்பவை எல்லாம் சேர்ந்தே ஒருவரின் நிலையை முடிவு செய்கின்றன. மரபணு அறிக்கையில் இவற்றுக்கு இடமில்லை. 2001இல் யேல் பல்கலைக்கழகத்தினர் 50 கிட்டெல்மேன் நோயாளிகளை விசாரித்தபோது, ‘லேசான நோய்’ என்று பெயர்பெற்ற இதன் சுமை வாழ்க்கைத் தரத்தை வெகுவாகக் குறைத்திருந்தது தெரிந்தது. உப்புக்கு ஏங்கும் நாக்கு, குரக்கு வலி, தீராத அசதி எல்லாம் அவர்களுக்கு இருந்தன.

அறிகுறியைக் கேட்டால் போதாதா, செலவு பிடிக்கும் சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில், முடங்கிய தேயிலைத் தோட்டத்தின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தாலோ மேடேறும்போது கால் தள்ளாடினாலோ வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அறிகுறி மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அங்கே முதலில் வேண்டியது மரபணு அறிக்கையும் அல்ல. இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் பார்ப்பது. அவை குறைந்திருந்து, வாந்தியோ பேதியோ நீர்பிரிக்கும் மாத்திரையோ காரணமில்லை என்றால் மரபணுச் சோதனைக்கு முழு நியாயம் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வு வந்து சேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், உடன்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கான கிட்டெல்மேன் சிகிச்சையில் லிட்டருக்குப் பொட்டாசியம் 3.0, மக்னீசியம் 0.6 மில்லிமோல் என்பதே நிபுணர்கள் பரிந்துரைத்த குறி. பிறழ்வின் வகையைப் பார்த்து அந்தக் குறி மாறுவதில்லை. ‘மிதமான பிறழ்வு’ என்று எழுதித் தரும் ஆய்வகம், நோயாளி எவ்வளவு அவதிப்படுவார் என்பதற்கு அது அளவுகோல் அல்ல என்றும் அதே தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். மருத்துவரும் இரவில் எத்தனை முறை குரக்கு எழுப்புகிறது என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.