இரக்கம் வேண்டா, ஏடு வேண்டும்!

தன் உள்ளம் விரும்புவதை ஊர் ஒப்பாது என்று உணர்கிற இளைஞன், தன்னை ஆணென்று அழைக்கும்போதெல்லாம் கூசிக் குறுகுகிற இளநங்கை – இவர்கள் யாரிடம் போய்ப் பேசுவர்? வீட்டிலே அச்சம்; வீதியிலே ஏளனம்; கோயிலுக்கு இழுத்துச் சென்றால் பரிகாரம், வேப்பிலை! எஞ்சி நிற்பது ஏடு ஒன்றுதான். அந்த ஏடு நம் படிப்பகங்களில் உண்டா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

"ஏன் இல்லை? பாரதத்திலே சிகண்டி இல்லையா? அரவான் கதை இல்லையா?" என்பர் பழமை விரும்பிகள். ஓர் இரவு தாலி, மறுநாள் அறுப்பு – இக்கதையையா இளம் உள்ளத்திற்குப் பெருமையென நீட்டுவது? கூவாகத்தில் கூடுவோரை நாம் இகழவில்லை. கூடி மகிழ அவர்க்கு வேறிடம் தராத சமுதாயத்தையே இகழ்கிறோம். மனிதனுக்கு மதிப்பளிக்கப் புராணத்தின் நற்சான்று எதற்கு? அவன் மனிதன் என்பது போதாதா?

புராணத்தை விடுத்துப் புதினத்திற்கு வருவோம். சு. சமுத்திரத்தின் 'வாடா மல்லி' 1990களில் வெளிவந்தது. பொறியியல் பயிலும் சுயம்பு என்னும் மாணவன், தன்னுள் இருக்கும் பெண்மையை மறைக்க இயலாது படும் பாட்டை எடுத்துரைத்தது. பிறர் நகைத்த இடத்தில் நின்று சிந்தித்த எழுத்தாளரை நாம் பாராட்டுகிறோம். எனினும் அது பக்கத்தில் நின்று பார்த்தவரின் குரல். படிப்பவன் கண் கலங்குவான், கருத்து மாறுவானோ? ஐயமே!

பட்டவரே பேனாவைப் பிடித்தபோது நிலைமை மாறிற்று. 2004-இல் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' திருநங்கையர் பலரின் வாய்மொழியை அச்சேற்றியது. 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' வந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர், தொடர்வண்டியில் கையேந்த நேர்ந்ததேன்? படிப்பு இருந்தது, பணி தர ஆளில்லை! 2011-இல் வந்தது ரேவதியின் தன்வரலாறு 'வெள்ளை மொழி'. பெற்ற வீட்டிலே விழுந்த அடியையும் மறைக்கவில்லை, பிறந்த மண்மீது கொண்ட பாசத்தையும் மறைக்கவில்லை.

இளைஞர் கையில் முதலில் வித்யாவைக் கொடுங்கள். பெற்றோர் கையில் ரேவதியைக் கொடுங்கள். இது நம் பரிந்துரை.

குறையும் உண்டு. இந்நூல்களிலே வலி மிகுதி. வாழ்ந்து காட்டிய மகிழ்ச்சி குறைவு. பதினாறு வயது உள்ளத்திற்குத் துன்பத்தின் வரலாறு மட்டும் போதுமா? மேலும், திருநங்கையர் பேசிய அளவு திருநம்பியர் தமிழில் பேசவில்லை. பெண்ணை நேசிக்கும் பெண்ணும், ஆணை நேசிக்கும் ஆணும் தம் வாழ்வைத் தாமே எழுதிய தமிழ் நூல்கள் மிகச் சிலவே. எழுத ஆற்றல் இல்லையா? இல்லை, எழுதினால் வீடு இருக்குமா என்ற அச்சம்!

அச்சத்திற்கு அறிவு மருந்து. தன்பால் ஈர்ப்பு நோயன்று என 1973-இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2014-இல் உச்சநீதிமன்றம் திருநர் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என 2018-இல் தீர்ப்பளித்தது. 'மாற்றிவிடுகிறேன்' என்று மருத்துவம் செய்வதைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. இவற்றை எளிய தமிழில் சிறு வெளியீடாக்கி அந்நூல்களோடு வைத்தல் வேண்டும்.

தோழர்களே! சாதியால் தாழ்த்தப்பட்டவனுக்கும் அடுப்பங்கரையில் அடைக்கப்பட்டவளுக்கும் ஏடு தந்த இயக்கம் இது. பிறப்பால் இழிவில்லை என்று முழங்கிய நாம், பிறப்போடு வந்த இயல்பால் இழிவுண்டு என்போமா? உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் அலமாரியைத் திறந்து பாருங்கள். இந்நூல்கள் இல்லையேல், வாங்கி வையுங்கள். மூலையில் ஒளித்தன்று, முன்வரிசையில்!