கோர்ட்டில் சாட்சி சொன்ன சோற்றுப் பொட்டலம்

‘குரோனோ டிரிகர்’ பற்றி இப்போது யார் எழுதினாலும் இரண்டாவது பத்திக்குள் ‘பால்ய நினைவு’ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. 1995இல் பத்து வயதில் அதை ஆடியவர்கள் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் கொண்டாடுவது தங்கள் பள்ளிக்கூட விடுமுறையைத்தான் என்கிறது இந்த வாதம். 2019இல் ஹெய்செய் யுகம் முடியும் தறுவாயில் ஜப்பானிய இதழ் ஃபாமிட்சு நடத்திய வாக்கெடுப்பில், அந்த யுகத்தின் தலைசிறந்த வீடியோ கேமாக இதற்கே முதலிடம் கிடைத்தது. அதையும் ஒரு தலைமுறையின் ஏக்கப் பெருமூச்சு என்று கணக்கெழுதிவிட்டார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரம் வரை வந்தால் இந்த வாதம் படுத்துவிடும். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குள் வந்தவை மரியோவும் கான்ட்ராவும் ஓடிய மலிவான நகல் டிவி கேம் பெட்டிகள். குரோனோ டிரிகர் ஓடிய சூப்பர் நின்டெண்டோவைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இங்கே அதை ஆடியவர்களில் பெரும்பாலோர் பின்னால் எமுலேட்டரிலோ, 2011க்குப் பிறகு கைபேசியிலோ, 2018க்குப் பிறகு ஸ்டீமிலோ, வளர்ந்த வயதில் முதன்முறையாக ஆடியவர்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு 1995 கிடையாது. அவர்களும் அதில் விழுந்துகிடக்கிறார்கள் என்றால் காரணத்தை ஆட்டத்துக்குள்தான் தேட வேண்டும்.

முன்கதையை வாசகர்கள் அறிவார்கள், விரைந்து கடக்கலாம். பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்களில் காலப்பயணம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1981இன் ‘அல்டிமா’ வில்லனைக் கொல்லக் கடந்த காலத்துக்கு அனுப்பியது. 1982இல் அதன் இரண்டாம் பாகம் காலக் கதவுகளை உலகமெங்கும் வாரி இறைத்தது. 1987இன் முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ இரண்டாயிரம் ஆண்டுச் சுழல் ஒன்றைக் கடைசி அரைமணியில் அவசரமாக விளக்கி முடித்தது. இவற்றிலெல்லாம் காலம் வெறும் வழித்தடம்: போ, அடி, வா. 1993இன் ‘டே ஆஃப் தி டென்டகிள்’தான் முதலில் உருப்படியாக யோசித்தது. ஒரே வீடு, மூன்று காலம். முன்னோர் காலத்தில் செய்யும் சில்லறை விஷமம் இருநூறு ஆண்டு கழித்து விளைகிறது. ஆனால் அது நகைச்சுவை ஆட்டம். அங்கே செய்கைக்கு விளைவு உண்டு, பொறுப்பு கிடையாது.

இரண்டாண்டு கழித்து ஸ்குவேர் நிறுவனம் குரோனோ டிரிகரை வெளியிட்டபோது எல்லோரும் பேசியது ஆட்களைப் பற்றி: ‘ஃபைனல் ஃபேன்டஸி’ சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’ யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ தொரியாமா என்று மூன்று ஜாம்பவான்கள் ஒரே மேடையில். இன்றும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜாம்பவான்கள் கூடி எடுத்த படங்கள் எத்தனை மண்ணைக் கவ்வின என்று தமிழ் ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், வசனத்தையும் கதைப்பின்னலையும் இழைத்த மசாடோ காடோவுக்கும், வயிற்றுப்புண்ணோடு இசையமைத்து நடுவில் படுத்துவிட்ட இளைஞர் மிட்சுடாவுக்கும் மீதியை முடித்துக்கொடுத்த உவெமாட்சுவுக்கும் அந்த மூவரைவிடக் கடன் அதிகம். சண்டைக்கென்று தனித்திரை இல்லை, எதிரிகள் வழியிலேயே கண்ணுக்குத் தெரிவார்கள், இருபது இருபத்தைந்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் என்ற தொழில்நேர்த்தியும் மெச்சத்தக்கதே. ஆனால் நேர்த்தி ஒன்றை மதிக்க வைக்கும். முப்பது ஆண்டுகள் நேசிக்க வைக்காது.

நேசிக்க வைப்பது எது என்பதற்கு ஒரு காட்சி போதும். கதை தொடங்குவது கி.பி. 1000இல், கார்டியா ராஜ்ஜியத்தின் ஆயிரமாண்டுத் திருவிழாவில். கூட்டத்தில் ஒரு பெண் நாயகன்மேல் மோதுகிறாள். அவள் கழுத்துப் பதக்கம் தெறித்து விழுகிறது. பக்கத்துக் கடையோரம் யாரோ ஒரு பெரியவரின் சாப்பாட்டுப் பொட்டலம். எங்கோ ஒரு சிறுமி பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். இந்த வகை ஆட்டங்களில் பழகிய கை என்ன செய்யும்? கண்ணில் பட்ட பெட்டியையெல்லாம் திறக்கும், கிடைத்ததையெல்லாம் மடியில் கட்டும். அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைக் குடைவது இந்த வகைமையில் குற்றமே இல்லை. ஆகவே கை பொட்டலத்தைத் தின்கிறது, பெண்ணை ஏனென்று கேட்காமல் பதக்கத்தை எடுக்கிறது, பூனையைக் கண்டுகொள்ளாமல் போகிறது. சில மணி நேரம் கழித்து, இடையில் நானூறு ஆண்டு பின்னால் போய் வந்த பிறகு, நாயகன் இளவரசியைக் கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிறான். வழக்கில் அவன் குணத்தை எடைபோட எடுத்துப்போடப்படுபவை அந்தத் திருவிழாச் செய்கைகள். பெரியவரின் சோறு சாட்சியாக வந்து நிற்கிறது. முதலில் தூக்கியது பெண்ணையா, பதக்கத்தையா என்று கேள்வி வருகிறது. பூனையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் சிறுமி வந்து நல்வார்த்தை சொல்கிறாள். ஆட்டம் தன்னைக் கவனித்துக்கொண்டிருந்தது என்று ஆடுபவர் திடுக்கிடும் இடம் இது. அதற்கு முன்னால் எந்த ஆட்டமும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி ‘இது யார் சோறு?’ என்று இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை.

இந்தக் கணக்கு வைக்கும் முறைக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: வினை. அது திருப்பருத்திக்குன்றத்தில் கூரையில் எழுதியிருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே வேகவதிக் கரையில் இருக்கும் இந்தச் சமணக் காஞ்சியைப் பட்டுச்சேலை வாங்க வருபவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டினார். அதன் விதானத்தில் பட்டை பட்டையாக ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர், அவருடைய உறவினர் கிருஷ்ணர் ஆகியோரின் கதைகள் ஓடுகின்றன; காட்சிகளுக்கு அடியில் தமிழில் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள். 1934இல் டி. என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்துக்காக எழுதிய நூல் இவற்றைச் சுவடு பிடித்து விளக்கியது. கழுத்து வலிக்க அண்ணாந்து நடக்கும் பார்வையாளருக்கு ஒரு குழப்பம் வரும்: இந்தப் பட்டையில் அரசன், அடுத்ததில் தேவன், அதற்கடுத்ததில் இன்னொரு ஊரில் இன்னொரு அரசன், ஆனால் ஆள் ஒருவரே. மகாபலன், லலிதாங்கன், வஜ்ரஜங்கன் என்று பெயரும் உடம்பும் மாறிக்கொண்டே போய்க் கடைசியில் ரிஷபராகப் பிறக்கிற ஒரே உயிர். ரிஷபரின் பேரன் மரீசிதான் பல பிறவி தாண்டி இருபத்துநான்காம் தீர்த்தங்கரரான வர்த்தமானர் ஆகிறார். காலங்களை இணைப்பது வினைத்தொடர். அந்தத் தொடரை முழுதாகப் பார்க்கக் கூடியவர் கீழே நிற்கும் பார்வையாளர் ஒருவரே. படத்துக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். குரோனோ டிரிகரை ஆடுபவரின் நிலையும் இதுதான். கி.பி. 600இன் மனிதர்களுக்கு 1000 தெரியாது, 1000இன் மனிதர்களுக்கு 2300இன் பாழ்நிலம் தெரியாது. எல்லாவற்றையும் நினைவில் சுமப்பது கையில் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்.

நினைவு இருந்தால் கடமையும் இருக்கிறது. ஆட்டத்தில் உச்சமாக நான் கருதுவது கடைசி அரக்கனுடன் நடக்கும் போரை அல்ல, ஒரு துண்டு உப்புக்கண்டத்தை. சந்திரக்கல் ஒன்றை கி.மு. 6.5 கோடியில் வெயில்படும் குகையில் வைத்தால் அது 2300இல் சூரியக்கல்லாகிவிடும். ஆனால் இடையே கி.பி. 1000இல் அது களவு போயிருக்கிறது. போரே ஊரின் கஞ்சத் தலைவர் வீட்டில் பதுங்கியிருக்கிறது. அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. நானூறு ஆண்டு பின்னால் போய், அதே வீட்டில் இருந்த மூதாட்டிக்கு உப்புக்கண்டத்தைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தால், 1000இல் அந்தத் தலைவர் வாரி வழங்கும் மனிதராக மாறியிருப்பார். விலை சொன்னால் விளையாது; சும்மா கொடுக்க வேண்டும். ஆதிபுராணத்தில் இதற்கு நேர்க்காட்சி உண்டு. துறவியான ரிஷபருக்கு எப்படி உணவிடுவது என்று ஊருலகத்துக்குத் தெரியாததால் அவர் மாதக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். சிரேயாம்சன் ஒருவனுக்கே, தான் முன்பு ஸ்ரீமதியாகப் பிறந்து முனிவர்களுக்கு உணவளித்தது நினைவுக்கு வந்தது, கருப்பஞ்சாறு கொடுத்தான். அன்று தொடங்கியதுதான் அட்சய திருதியை என்பது சமணர் கணக்கு. (நகைக்கடைக்காரர்கள் மன்னிக்கட்டும்.) வினை உயிரைத்தான் தொடரும், வாரிசை அல்ல, உப்புக்கண்டம் குடும்பத்தில் பரவுவது சமணத்துக்கு ஒவ்வாது என்று சைன வாசகர் ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்பு. ஆனால் அதே ஆட்டம் ரோபோவின் கதையையும் வைத்திருக்கிறது. பாலையாகிப் போன நிலத்தில் காடு வளர்க்க ஒரு பெண் ஆசைப்படுகிறாள். இயந்திர மனிதன் ரோபோ கி.பி. 600இல் அவளோடு தங்கிவிடுகிறது. நாம் கப்பலேறி ஒரு நொடியில் 1000க்கு வருகிறோம். அது நானூறு ஆண்டும் உழைத்தே வருகிறது. பச்சைக் காட்டுக்கு நடுவே ஒரு கோயிலில் துருப்பிடித்து உறைந்து நிற்கும் அதைச் செப்பனிட்டு எழுப்புகிறோம். செய்தவரே சுமந்து வரும் வினை இது. விதானத்துப் பட்டைகளுக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை ஜப்பானிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

அன்றிரவு காட்டில் எல்லோரும் தீ மூட்டி உறங்கிய பிறகு நாயகனின் தோழி லூக்கா தனியாக எழுந்து, தன் தாய் லாரா இயந்திரத்தில் கால் சிக்கி முடமான பழைய நாளுக்குப் போகிறாள். இயந்திரத்தை நிறுத்தக் கடவுச்சொல் தாயின் பெயரேதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொத்தான். சில நொடிகள்தான் அவகாசம், விரல் தடுமாறினால் தாய் முடமாகவே இருப்பாள், கதை நிற்காமல் நகர்ந்துவிடும்.  உலகத்தைக் காப்பாற்ற வந்தவருக்கு வீட்டுக்குள் தவறிவிடும் வாய்ப்பு இருக்கிறது என்ற இந்த நேர்மைதான் பிந்தைய ஆட்டங்கள் இழந்த சொத்து.

வலுவான ஆட்சேபம் இரண்டு உண்டு. ஒன்று: வழக்கில் குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும் நாயகன் சிறைக்குத்தான் போகிறான்; அப்படியிருக்க இந்தக் கணக்கெல்லாம் அலங்காரம்தானே? கதை திசைமாறவில்லை என்பது உண்மை. ஆனால் ஆடுபவர் மாறிவிடுகிறார். அதன்பிறகு எந்த ஊரிலும் மேஜைமேல் இருப்பதைத் தொடும் முன் ஒரு கணம் யோசிக்கிறார். பரமபதத்தில் பாம்பும் ஏணியும் அறம் சொல்கின்றன, ஆனால் எந்தக் கட்டத்தில் இறங்குவோம் என்பது தாயக்கட்டையின் தயவு. இங்கே கட்டையை எடுத்துவிட்டுக் கையை வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடினமானது: அடிதடி நிறைந்த ஓர் ஆட்டத்தைக் கொல்லாமையின் கோயிலோடு ஒப்பிடுவது அபத்தமில்லையா? ஓரளவுக்கு அபத்தம்தான், சண்டைகள் அந்தக் காலத்து வழக்கத்துக்குச் செலுத்திய வரி. ஆனால் கி.மு. 12,000இல் கடற்கரை முனையில் மேகஸ் தனித்து நிற்கிறான். தவளையாகச் சபிக்கப்பட்ட வீரனின் நண்பனைக் கொன்றவன், முந்தைய பாதிக்கதையின் வில்லன். சண்டையிடவா என்று ஆட்டம் கேட்கிறது. கொன்றால் பழி தீரும், வீரனின் சாபமும் நீங்கும். விட்டால் அவன் நம்மோடு சேர்ந்து நடப்பான். தவளை கதைமுடிவு வரை தன்னைக் கெடுத்தவனோடு வழி நடக்க வேண்டும். வாளைக் கீழே போடுவதற்கு இவ்வளவு விலை வைத்து, அதையும் ஆடுபவர் கையிலேயே விட்ட ஆட்டம் 1995இல் வேறு எது?

பின்னால் வந்தவற்றில் 2000இன் ‘மஜோராஸ் மாஸ்க்’ ஒன்றே இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது: மூன்று நாள், ஒவ்வொருவர் துயரத்துக்கும் ஒரு குறிப்பேடு. 1999இன் ‘குரோனோ கிராஸ்’ அதே இல்லத்தின் பிள்ளையாக இருந்தும் நாற்பதுக்கு மேல் துணைப்பாத்திரங்களைச் சேர்த்து யாரையும் நினைவில் நிற்கவிடாமல் செய்துவிட்டது. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ வகையறா, செய்ததை உடனே ரிவைண்ட் செய்யும் வசதியைக் கொடுத்துச் செய்கையின் கனத்தைக் குறைத்தன. நம் சினிமாவிலும் கதை இதேதான். ‘இன்று நேற்று நாளை’, ‘24’, ‘மார்க் ஆண்டனி’ எல்லாவற்றிலும் மனம் போவது கருவிமேல்: இயந்திரம், கைக்கடிகாரம், தொலைபேசி. செத்துச் செத்துப் பிழைத்துக் கற்றதை அடுத்த சுற்றுக்குச் சுமக்கும் ‘மாநாடு’ மட்டும் வீடியோ கேம் பழகிய மூளையின் வேலை. அதிலும் சுமப்பது பெரும்பாலும் தகவலைத்தான்.

கனடாத் தமிழர்கள் செய்து 2023இல் வந்த ‘வெண்பா’ வேறு ரகம். எண்பதுகளின் இறுதியில் புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று ஆண்டாண்டாகத் தாவிப் போகிறது. அம்மாவின் சமையற்குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித்தட்டை எந்தத் துளைக்கு மேல் எந்தக் குழி என்று பார்த்து அடுக்க வேண்டும். காலம் போனால் போனதுதான். திரும்பிப் போகக் கதவு இல்லை, குறிப்பேடு மட்டும் உண்டு. குட்டி ஆட்டம், பாஃப்டா விருதும் பெற்றது. தமிழில் அடுத்து ஆட்டம் செய்ய வருபவர்கள் கால இயந்திரத்தை ஜப்பானிடமிருந்து கடன்வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி. சரக்கு இங்கேயே கிடக்கிறது. ஆதிபுராணத்து ஸ்ரீமதிக்கு முற்பிறவி நினைவு வந்தபோது அவள் அழுது நிற்கவில்லை. லலிதாங்கனோடு வாழ்ந்ததையெல்லாம் ஒரு படமாக எழுதி, செவிலி பண்டிதையிடம் கொடுத்தனுப்பினாள். பண்டிதை அதைக் கோயிலில் விரித்துவைத்தாள். தெரியும் தெரியும் என்று பொய்யாக உரிமை கொண்டாட வந்தவர்கள் உண்டு. விளக்கம் கேட்டதும் வாயடைத்தார்கள். லலிதாங்கனின் மறுபிறவியான வஜ்ரஜங்கன் வந்து படத்தின் முன் நின்றான். அந்த வரிசையில் யாரை எந்தக் கேள்வி கேட்டு நிறுத்துவது, யாரை உள்ளே விடுவது என்பதை ஆடுபவர் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.