மென்திறன் யாரிடம் இல்லை?

வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சியில் படித்த மாணவி ஒருத்திக்கு, மாதிரி நேர்காணலில் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டவள் நான். “உன்னப் பத்திச் சொல்லும்மா” என்றேன். ஊரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், மரவள்ளி எத்தனை ஏக்கர் என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். தன்னம்பிக்கை, உடல்மொழி, கண்ணைப் பார்த்துப் பேசுதல் என்று தாளில் கட்டங்கள் இருந்தன. நிரப்பினேன்.

அந்தத் தாளோடுதான் எனக்கு வழக்கு. ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்பது அமெரிக்க ராணுவத்தில் புழங்கத் தொடங்கிய சொல். 1972இல் அதற்கென்று ஒரு பயிற்சி மாநாடே நடத்தினார்கள். இயந்திரத்தோடு செய்யும் வேலை வன்மை, மனிதரோடு செய்யும் வேலை மென்மை என்பது அவர்கள் பிரித்த கணக்கு. அங்கிருந்து கம்பெனிகளுக்குப் போய், நம் பாடத்திட்டத்துக்கும் வந்தது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களை இலக்காக வைத்தது. தனியார் கோச்சிங்குக்குக் காசில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இப்படியொரு பயிற்சி வேண்டும்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ‘திறன் இடைவெளி’ என்கிறார்களே, அந்த இடைவெளியைத் தோண்டியது யார் என்றுதான் கேட்கிறேன்.

பெரியவங்க முகத்தைப் பார்த்துப் பேசாதே, எதிர்த்துப் பேசாதே, பல்லைக் காட்டாதே. வீடு பதினேழு வருஷம் சொன்னது இது. பள்ளிக்கூடம் அவளைக் கைகட்ட வைத்து, ‘நல்ல பொண்ணு’ என்று பாராட்டியது. இருபது வயதில் நாம் வந்து அந்த அடக்கத்தையே அவளுடைய குறை என்று எழுதுகிறோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவள் பாட்டிக்குத் தலைகுனிந்து நிற்பது பிழைக்கும் வழியாக இருந்திருக்கும். மூன்று நாள் பயிற்சியில் நிமிர்த்திவிடலாம் என்று நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அந்தப் பெண் கடுக்காய் வியாபாரியின் தராசில் கண் வைத்துப் பேரம் பேசுவாள். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் நாள் முழுக்க நின்று, அலுக்காமல் பதில் சொல்லி, வாங்கிக்கொண்டு போவாள். இதற்கெல்லாம் தாளில் கட்டம் இல்லை.

கட்டம் இருப்பது சிரிப்புக்கு. விமானப் பணிப்பெண்களின் சிரிப்பைக் கம்பெனி எப்படி விற்கிறது என்று ஆர்லி ஹாக்ஷில்ட் 1983லேயே எழுதிவிட்டார். உணர்ச்சி உழைப்பு என்றார். வரவேற்பு மேசையிலும் ஜவுளிக்கடையிலும் கால்சென்டரிலும் நம் பெண்களிடம் கேட்கப்படும் மென்மை பெரும்பாலும் இதுதான். ‘முடியாது’ என்று சொல்வதற்குப் பயிற்சி உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சொல்லித்தரும் மென்திறன் வகுப்பை நான் பார்த்ததில்லை. “சம்பளத்தை முதல்லயே கேக்காதீங்க” என்று சொல்லித்தரும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன்.

அன்று கடைசியில், வழக்கப்படி, “ஏதாவது கேக்கணுமா?” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நைட் ஷிப்ட்டுன்னா வீடு வரைக்கும் வண்டி விடுவாங்களா மேடம்? இல்ல மெயின் ரோட்டுலயே எறக்கிவிட்ருவாங்களா?”

அதற்குள் நான் மதிப்பெண்ணைக் கூட்டி முடித்திருந்தேன்.