−196 என்று போட்டால் போதுமா?

செல்களை உறையவைக்கும் பைகளின் விற்பனைக் கையேடுகள் நாலைந்தை அடுக்கி வைத்துப் படித்தேன். எல்லாத்திலும் கொட்டை எழுத்தில் ஒரே வரி: −196° செல்சியஸ் வரை தாங்கும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை அது. சரி, தாங்கும். எதைத் தாங்கும்? அதை மட்டும் சொல்லமாட்டேங்கிறாங்க.

சாதாரண ரத்தப் பை பிவிசி. அதில் உறையவைக்கும் பிளாஸ்மாவே சில நேரம் விரிசலில் ஒழுகிப் போகும். நைட்ரஜன் குளிரில் கேட்கவே வேண்டாம், அப்பளம்தான். அதனால் ஈவிஏ எனும் எத்திலீன் வினைல் அசிடேட் பைகள் வந்தன. எஃப்இபி என்ற ஃபுளோரின் பிளாஸ்டிக்கிலும் உண்டு. ஈவிஏ எவ்வளவோ மேல். ஆனா அந்தக் குளிரில் அதுவும் விறைத்துத்தான் கிடக்கும். தொட்டிக்குள் அசையாமல் இருக்கிறவரை சிக்கலில்லை. வெளியே எடுக்கும்போது படும் ஒரு இடி போதும். போவதும் பெரும்பாலும் நடுப்பரப்பு அல்ல. சூடுவைத்து ஒட்டிய ஓரமும் குழாய் சேரும் இடமும்தான். தட்டையான உலோக உறைக்குள் பையை வைப்பது இதற்காகத்தான். அளவுக்கு மேல் நிரப்பினாலும் வம்பு. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பது பள்ளிப் பாடம்.

ஊசித்துளை இன்னும் மோசம். திரவ நைட்ரஜன் உள்ளே கசிந்துவிட்டால், உருக்கும்போது அது வாயுவாகி ஏறக்குறைய 700 மடங்கு விரியும். பை வெடிக்கும். வெளிப்பக்கம் கசிந்தால்? 1995இல் லான்செட் இதழில் வந்த லண்டன் சம்பவத்தைப் பாருங்க. ஒரு பை கசிந்ததில் தொட்டியின் நைட்ரஜனில் ஹெபடைடிஸ் பி கலந்து, அதே தொட்டியில் செல்களை வைத்திருந்த மற்ற நோயாளிகளுக்கும் தொற்றியது. பைக்கு மேல் இன்னொரு பை, திரவத்தில் முக்காமல் ஆவியில் வைப்பது என்ற வழக்கங்கள் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்குப் பணயம் கூடியிருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிம்ரியா போன்ற கார்-டி சிகிச்சையில் பைக்குள் இருப்பது அந்த நோயாளியின் சொந்தச் செல்கள். உருக்குவதற்கு முன் பையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது மருந்தின் குறிப்பு, இருந்தால் ஏற்றக்கூடாது. அதற்குள் பெரும்பாலும் கீமோ கொடுத்து உடம்பைத் தயார்செய்து முடித்திருப்பார்கள். கடையில் போய் வாங்க வேறு பை கிடையாது.

எனவே விற்க வருபவரிடம் நான் கேட்பது வெப்பநிலையை அல்ல. நிரப்பி, உறையவைத்து, உறையோடு கீழே போட்டு, உருக்கிப் பார்த்தீங்களா? எத்தனை பையில் எத்தனை ஒழுகியது? எந்த இடத்தில்?