பாடசாலையும் அயலும்: ஒரு வர்க்க நோக்கு

பாடசாலையை மையமாகக் கொண்டு குடியிருப்புகளை அமைத்தல் என்னும் கருத்து, நகரத் திட்டமிடலில் முற்போக்கானதொன்றாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. 1929இல் அமெரிக்கரான கிளறன்ஸ் பெரி வெளியிட்ட 'அயலலகு' இதன் செல்வாக்குமிக்க வடிவமாகும். நியூயோர்க் பிரதேசத் திட்டத்துக்கென எழுதப்பெற்ற அவ்வாய்வில், ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு வேண்டிய மக்கள்தொகையே குடியிருப்பின் அளவைத் தீர்மானிக்கின்றது. ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம், நடுவே பாடசாலை, வீட்டிலிருந்து கால் மைல் அளவான நடை, பெருந்தெருக்களும் கடைகளும் எல்லையில். பிள்ளை பெருந்தெருவைக் கடக்க வேண்டியதில்லை. அதே கட்டடம் பெரியோர் கூடும் இடமாகவும் பயன்படும். மோட்டார் வாகனங்கள் வீதிகளிற் பிள்ளைகளைப் பலிகொண்ட காலத்தில் எழுந்த இச்சிந்தனையின் மனிதாபிமானத்தை மறுப்பதற்கில்லை.

ஆயின், அந்த அயலிற் குடியேறுவோர் யார் என்பதை வரைபடம் கூறுவதில்லை. நிலம் விற்பனைப் பண்டமாயிருக்கும் சமுதாயத்தில் அவ்வினாவுக்குச் சந்தையே விடையளிக்கின்றது. அரசும் அதற்குத் துணைநிற்கின்றது. 1930களில் அமெரிக்க சமஷ்டி வீடமைப்பு நிருவாகம் அயலலகின் அடிப்படைகளை ஏற்றுப் பரப்பியது. அதே நிறுவனத்தின் 1938ஆம் ஆண்டுக் கைந்நூலோ, 'தாழ்ந்த' சமூக மட்டத்தினர் அல்லது வேற்றினத்தார் கணிசமாகப் பயிலும் பாடசாலைக்குப் பிள்ளைகள் செல்ல நேரின், அவ்வயல் விரும்பத்தக்க தன்மையை இழக்கும் எனக் கணித்தது. மக்களை இணைக்கவென நடுவில் வைக்கப்பட்ட பாடசாலை, ஆதனத்தின் பெறுமதியைக் காக்கும் வேலியாயிற்று. அயலலகு ஒதுக்கலுக்குக் கருவியாவதை 1948இலேயே றெஜினால்ட் ஐசாக்ஸ் என்னும் திட்டமிடலாளர் கண்டித்தார்.

1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பொதுப் பாடசாலைகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. எனினும், உள்ளூர் ஆதனவரியில் பெரிதும் தங்கியிருந்த ரெக்சாஸ் மாநிலக் கல்வி நிதியேற்பாட்டை 1973இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1974இல் டிட்ரொயிற் நகரப் பாடசாலைகளைப் புறநகர்ப் பாடசாலைகளுடன் இணைக்கும் திட்டத்தை நிராகரித்தது. சட்டம் வாசலில் அகற்றிய பிரிவினை, அயலின் எல்லைக்கோட்டில் நிலைபெற்றது.

எனவே, பாடசாலையை நடுவில் வைத்தமை பெரியின் குறையன்று. சுற்றியுள்ள நிலத்தின் உடைமையுறவுகளைத் தீண்டாமல் விட்டமையே குறையாகும். பிள்ளை நடக்கும் தூரத்தை அளக்கும் திட்டமிடலாளர், அத்தூரத்துள் வீடு பெறத்தக்க வருமானத்தையும் அளத்தல் வேண்டும். வாடகையும் வரியும் அனுமதி எல்லையும் திட்டத்துக்குப் புறம்பானவையாகக் கருதப்படும்வரை, பாடசாலை அயலின் மையமாகலாம்; சமுதாயத்தின் மையமாகாது.